தண்ணீரில் இறங்கியவர்களின் பெயர்கள்

அன்புள்ள ஜெபா,

உன் கடிதமும் அதோடு வைத்திருந்த நாலு பக்கமும் கிடைத்தன. சபை ஆண்டு மலருக்கு வரலாறு எழுதும் வேலையை உன்னிடம் கொடுத்த உங்கள் போதகர் ஐயாவுக்கு என் தோத்திரத்தைச் சொல். கண்டாச்சிபுரத்தில் ஒரு தெருச் சபையின் கதையை அந்தச் சபையிலேயே வளர்ந்த பெண் எழுதப்போகிறாள் என்பது எனக்குப் பெரிய சந்தோஷம். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

உன் முதல் பக்கத்தில் தோமா மயிலாப்பூருக்கு வருகிறார். இரண்டாவதில் சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வருகிறார், மூன்றாவதில் வில்லியம் கேரி கல்கத்தாவுக்கு வருகிறார். நாலாவது பக்கத்தில்தான் நம் ஊர் வருகிறது. அதிலும் ஊழியம் செய்த போதகர்களின் பட்டியலும், ஓட்டை இறக்கிவிட்டுக் கான்கிரீட் போட்ட விவரமும் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை பாயில் உட்கார்ந்து பாடுகிறவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை. கையில் கிடைக்கும் சபை மலர்கள் பெரும்பாலும் இந்த மாதிரிதான் என்பதால் நீயும் அதே தடத்தில் போய்விட்டாய். வேறு சபைக்கு அது ஓரளவு பொருந்தலாம். உங்களுடையதைப் போன்ற பாப்டிஸ்ட் சபையின் வரலாற்றை அப்படி எழுதினால் அதன் உயிரே விட்டுப்போகும்.

ஏனென்றால், கத்தோலிக்கரும் லுத்தரன்காரரும் சி.எஸ்.ஐ.காரரும் பிறந்த குழந்தைக்கே ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள். பெற்றோர் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், குழந்தைக்காகப் பெரியவர்கள் பதில் சொல்கிறார்கள். பாப்டிஸ்ட் சபையில் குழந்தையைப் பிரதிஷ்டை செய்து ஜெபிப்பதோடு சரி. ஞானஸ்நானம், தன் விசுவாசத்தைத் தன் வாயால் அறிக்கை செய்கிறவருக்கு மட்டும். 1609-இல் ஆம்ஸ்டர்டாமில் அடைக்கலம் புகுந்திருந்த ஆங்கிலேயர் சிலர் ஜான் ஸ்மைத் என்பவரின் தலைமையில் இந்த அடிப்படையில் ஒரு சபையை அமைத்தார்கள். முழுக்கு முறை அவர்களிடையே 1640களில்தான் நிலைபெற்றது. ஸ்மைத்தின் தோழர் தாமஸ் ஹெல்விஸ் 1612 வாக்கில் லண்டனுக்குத் திரும்பி, இங்கிலாந்தின் முதல் பாப்டிஸ்ட் சபையைத் தொடங்கினார். மனிதரின் மனச்சாட்சி மேல் அரசனுக்கு அதிகாரம் இல்லை, யூதருக்கும் முஸ்லிமுக்கும்கூட அந்தச் சுதந்தரம் உண்டு என்று அவர் புத்தகம் எழுதினார். அவரை நியூகேட் சிறையில் போட்டார்கள், சில வருஷங்களுக்குள் இறந்துபோனார். நானூறு வருஷத்துக்கு முன்னால் ஓர் அரசனிடம் இதைச் சொன்னவர்களின் வழியில் வந்தது உங்கள் தெருச் சபை. மலரில் இதற்கு ஒரு பத்தி போதும். ஆனால் அந்தப் பத்தி கட்டாயம் வேண்டும்.

ஞானஸ்நான ஆராதனையை நீ பல தடவை பார்த்திருப்பாய். இனி எழுதுகிறவளாகப் பார். தொட்டி கட்டாத சபைகளில் ஏரியோ, தென்பெண்ணையோ, விசுவாசி ஒருவரின் கழனியில் இருக்கும் பம்புசெட் தொட்டியோதான். மோட்டாரை ஓடவிட்டு இடுப்பளவு நிரப்புவார்கள். வெள்ளை உடுத்தியவர் இறங்கியதும், எல்லார் காதிலும் விழும்படி போதகர் கேள்வி கேட்பார். பதில் அவர் வாயிலிருந்துதான் வரவேண்டும், புருஷனோ தகப்பனோ அவருக்காகச் சொல்ல முடியாது. போதகரும் மூப்பர் ஒருவரும் இரண்டு பக்கமும் பிடித்து, மல்லாக்கச் சாய்த்து முழுக்கி எடுப்பார்கள். பெண்ணாக இருந்தால் கரையேறியதும் மற்றப் பெண்கள் சேலையைத் திரையாகப் பிடிப்பார்கள். உடை மாற்றி வந்ததும் வலதுகை ஐக்கியம் கொடுப்பார்கள். அன்றிலிருந்து கர்த்தருடைய பந்தியில் அவருக்குப் பங்கு, சபைக் கூட்டத்தில் ஓர் ஓட்டு. கரும்பு வெட்டப் போகிறவரின் ஓட்டும் வாத்தியாரின் ஓட்டும் சமம். மேலிருந்து உத்தரவு போடப் பேராயர் கிடையாது, போதகரை அழைப்பதும் அனுப்புவதும் சபைக் கூட்டம்தான். கொள்கை இப்படி. நடைமுறையில் யார் பேச்சு எடுபட்டது, பெண்கள் எப்போது வாய் திறந்தார்கள் என்பதை உங்கள் மினிட்ஸ் புத்தகத்தைப் பார்த்து எழுது.

அதனால்தான் முதலில் பதிவேட்டை எடு என்கிறேன். கத்தோலிக்கப் பங்குப் பதிவேட்டில் பிறந்த தேதி கிடைக்கும், பெற்றோர் பெயர் கிடைக்கும், அதைப் பிடித்துக்கொண்டு பாட்டன் பூட்டன் வரை போகலாம். உங்கள் பதிவேட்டில் கிடைப்பது, ஒருவர் தன் வாழ்க்கையில் எந்த வயதில், எந்த நாளில் முடிவெடுத்தார் என்பது. ஒரு வரியில் ‘வயது 41, கூலி’ என்று ஒரு பெண்ணின் பெயர் இருக்கிறது, புருஷன் பெயர் அவளுக்குப் பக்கத்தில் மட்டும் இருக்கிறது, அவருக்கென்று தனி வரி இல்லை என்று வைத்துக்கொள். அங்கே நில். நாற்பத்தொரு வயதில், வீட்டுக்காரர் வராமல் ஒருத்தி தனியாக இறங்கியிருக்கிறாள். அன்று ராத்திரி வீட்டில் என்ன நடந்தது? குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கும் நாளில் அவள் எங்கே இருந்தாள்? மகள் கல்யாணத்துக்குப் பங்காளிகள் வந்தார்களா? சில வருஷம் கழித்து அதே பதிவேட்டில் புருஷன் பெயர் வந்திருக்கலாம், வராமலே போயிருக்கலாம். இரண்டுமே உங்கள் சபையின் வரலாறுதான். குறிப்புக் கட்டத்தில் ‘பெங்களூர் போய்விட்டார்’ என்று இருந்தால், அது எந்த வருஷம், மழை இல்லாத வருஷமா என்று கேள். ஊர் ஏன் காலியானது என்பதும் அந்தக் கட்டத்துக்குள் இருக்கிறது.

உங்கள் சபை தனியாக வானத்திலிருந்து இறங்கவில்லை, சுற்றிலும் யார் இருந்தார்கள் என்பதையும் சொல். பக்கத்து முகையூரில் கத்தோலிக்கர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். திருக்கோவிலூரில் டேனிஷ் மிஷன். காந்தி ‘அன்புக் குழந்தை’ என்று அழைத்துக் கடிதம் எழுதிய எஸ்தர் ஃபேரிங் 1917 வாக்கில் அங்கே வேலை பார்த்த டேனிஷ் பெண்தான். காந்தியோடு அவர் பழகியது மிஷனுக்குப் பிடிக்கவில்லை, அவர் மிஷனை விட்டுவிட்டு சபர்மதிக்குப் போனார். திண்டிவனத்தில் அமெரிக்க ஆற்காடு மிஷன். இவர்கள் நடுவில் பாப்டிஸ்ட்கள் இந்தப் பக்கத்தில் சின்னக் கூட்டம்தான். 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிகன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன் எல்லாம் அதில் சேர்ந்தன. பாப்டிஸ்ட்கள் சேரவில்லை. பேராயர் ஆட்சியும் குழந்தை ஞானஸ்நானமும் அவர்களுக்கு ஒத்துவராதவை.

நீ கேரியைப் பற்றி எழுதியதில் ஒன்றைச் சேர்த்துக்கொள், அது நம் பக்கத்தோடு ஒட்டுகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி மிஷனரிகளைத் தன் எல்லைக்குள் விடவில்லை. டேனிஷ்காரர்களின் ஊராக இருந்ததால்தான் 1800-இல் செராம்பூரில் கேரியும் தோழர்களும் நிலைக்க முடிந்தது. அங்கே ஆளுநராக இருந்த ஓலே பீ, தரங்கம்பாடியில் இருந்த காலத்திலேயே மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரை அறிந்தவர். அந்த வருஷம் டிசம்பர் 28 அன்று ஊக்ளி ஆற்றில் முதலாவதாக முழுக்கு ஞானஸ்நானம் பெற்ற வங்காளி, கிருஷ்ண பால் என்ற தச்சர். தோள்மூட்டு இறங்கி வைத்தியத்துக்கு வந்தவர் அவர். கேரிக்கு ஒரு பக்கம் கொடுத்த நீ, கிருஷ்ண பாலின் பெயரைச் சொல்லவேயில்லை.

சாதியை மறைத்து எழுதாதே. கார்ல் ஓக்ஸ் என்ற மிஷனரி, சபைக்குள் சாதியைப் பொறுத்துப்போன லைப்சிக் மிஷனோடு முறித்துக்கொண்டு, 1860களின் தொடக்கத்தில் மேல்பட்டாம்பாக்கத்தில் உட்கார்ந்தார். டேனிஷ் மிஷனும் இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபையும் அந்தச் சண்டையிலிருந்து வந்தவை. அது பழைய கதை என்று ஒதுக்க முடியாது. 2008 மார்ச்சில் உளுந்தூர்ப்பேட்டை பக்கத்து எறையூரில் கத்தோலிக்க வன்னியர்களுக்கும் தலித்துகளுக்கும் இடையே மோதல் நடந்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். உங்கள் சபையில் எந்தத் தெருக்காரர்கள் இருக்கிறார்கள், எந்தத் தெருவிலிருந்து யாரும் வந்ததேயில்லை, இறந்தவர்களை எங்கே அடக்கம் செய்கிறார்கள் என்று கேட்டு எழுது. கல்லறைக்கு நிலம் கிடைக்காமல் அலைந்த கதை இல்லாத சின்னச் சபையே நம் பக்கத்தில் கிடையாது.

பேர் சொல்லி எழுதிய பாப்டிஸ்ட் வரலாறு எப்படி இருக்கும் என்று கேட்டால் ஆந்திராவின் ஓங்கோலைத்தான் காட்டுவேன். 1837-இல் அமெரிக்க பாப்டிஸ்ட் சாமுவேல் டே சென்னைக்கு வந்தார், 1840-இல் நெல்லூருக்குப் போனார். கால் நூற்றாண்டு உழைத்தும் சபை ஒரு கைப்பிடிதான். மிஷனை மூடிவிடலாமா என்று அமெரிக்காவில் வாதம் நடந்தது. நிலைமையை மாற்றியவர் எர்ரகுண்ட்ல பேரய்யா, தோல் வியாபாரம் செய்த மாதிகா சாதிக்காரர். 1866-இல் மனைவியோடு வந்து ஞானஸ்நானம் பெற்று, ஊர் ஊராகத் தன் சனங்களிடம் போய்ச் சொன்னார். மாதிகர்களைச் சேர்த்தால் நாங்கள் வரமாட்டோம் என்று மேல்சாதியார் சொன்னபோது, ஓங்கோலில் இருந்த ஜான் கிளாவ் என்ற மிஷனரி மாதிகர்களின் பக்கம் நின்றார்.

பிறகு தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணமே பட்டினி கிடந்தது, நம் தென்னாற்காடும் தப்பவில்லை. பஞ்ச நிவாரண வேலையாக பக்கிங்காம் கால்வாயில் சில மைல் தோண்டும் ஒப்பந்தத்தை கிளாவ் எடுத்துக்கொண்டார். மரக்காணம் போகும்போது உப்பளத்தை ஒட்டிக் கிடக்கிறதே, அந்தக் கால்வாயின் வடக்குப் பகுதி. பேரய்யாவும் மற்றப் போதகர்களும் கூலிக்காரர்களோடு சேர்ந்து அங்கே இருந்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் ஞானஸ்நானம் கேட்டார்கள். நிவாரணம் நடக்கும் வரை யாருக்கும் கிடையாது என்று கிளாவ் நிறுத்திவைத்தார், சோற்றுக்காகச் சேர்ந்தார்கள் என்ற பேச்சு வரக்கூடாது என்பதற்காக. பஞ்சப்பணம் நின்ற பிறகும் அவர்கள் வந்தார்கள். 1878 ஜூலை 3 அன்று குண்டலகம்மா ஆற்றில், வெல்லம்பள்ளியில், ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஆற்றில் இறங்கிக் கொடுத்தவர்கள் தெலுங்குப் போதகர்கள் ஆறு பேர், இரண்டு இரண்டு பேராக முறை வைத்து. ‘அரிசிக் கிறிஸ்தவர்கள்’ என்று யாராவது உன் முகத்துக்கு நேரே சொன்னால், இந்தத் தேதியைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

நமக்கு இன்னும் கிட்டத்தில் இருப்பது கொல்லிமலைக் கதை. சென்னையிலும் சேலம் பக்கத்திலும் வேலை செய்தது இங்கிலாந்தின் ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன், 1861-இல் தொடங்கியது. முழுக்கு பெற்றவருக்கு மட்டுமே கர்த்தருடைய பந்தி என்று கறாராக இருந்தவர்கள். அவர்கள் அனுப்பிய ஜெஸ்ஸி பிராண்ட் 1907-இல் வந்தார், 1913-இல் கல்யாணம் செய்துகொண்டு மனைவி ஈவ்லினோடு மலையேறினார். எழுபது கொண்டை ஊசி வளைவில் இன்று பஸ் ஏறுகிற மலை அது. அன்றைக்கு டோலியும் கால்நடையும்தான். கோயில் பூசாரி எதிர்த்ததால் அந்த மலையின் மலையாளிப் பழங்குடியினர் யாரும் சபையில் சேரத் துணியவில்லை. இப்படியே ஆறு வருஷம். முதல் உலகப்போர் முடிவில் விஷக்காய்ச்சல் பரவியபோது ஊரெல்லாம் ஒருவரை ஒருவர் விட்டு ஓடியது. ஜெஸ்ஸி கஞ்சி காய்ச்சி வீடு வீடாகக் கொண்டுபோனார். அந்தப் பூசாரியும் மனைவியும் சாகக் கிடந்தார்கள். தன்னுடைய ஆட்கள் யாரும் எட்டிப்பார்க்காத நிலையில், பிள்ளைகளைப் பிராண்ட் தம்பதியிடமே ஒப்படைத்துவிட்டு அவர் இறந்தார். அவர்களில் கைக்குழந்தையாக இருந்த பெண்ணுக்கு ரூத் என்று பெயர் வைத்து வளர்த்தார்கள். மலையில் சபை பிறந்தது அதற்கு அப்புறம்தான்.

ஜெஸ்ஸி 1929-இல் மலைக்காய்ச்சல் முற்றி இறந்தார். ஈவ்லின் இருந்துவிட்டார். அறுபத்தேழு வயதைத் தாண்டியபோது, மலைக்குத் திரும்பிப் போக மிஷன் அனுமதிக்கவில்லை, வயதாகிவிட்டது என்றார்கள். ஒரு வருஷம் கீழே வேலை பார்த்தார், ஓய்வு வாங்கினார், யாருடைய அனுமதியும் இல்லாமல் தன் சொந்தப் பொறுப்பில் மலைக்குப் போனார். புருஷனும் பெண்சாதியுமாகக் கனவு கண்ட ஐந்து மலைகளில் கல்வராயனும் ஒன்று. நமக்கு மேற்கே தெரிகிற மலை, கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆகும்வரை அதன் ஒரு பகுதி நம் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. 1976 வரை ஜாகீர்தார்கள் ஆண்ட அந்தக் கல்வராயனில், மட்டக்குதிரை மேல் ஊர் ஊராகப் போய் மருந்து கொடுத்தார், வேதம் சொன்னார், நரம்புச் சிலந்தியை ஒழிக்கப் பாடுபட்டார். 1974 டிசம்பர் 18-இல் தொண்ணூற்றைந்து வயதில் இறந்து, கொல்லிமலையில் புருஷன் பக்கத்திலேயே அடக்கமானார். அவர்கள் மகன் பால் பிராண்ட், 1914-இல் பிறந்து அந்த மலையில் வளர்ந்தவர், தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை செய்து நிமிர்த்திய டாக்டர், வேலூர் சி.எம்.சி.யில். அந்த ஆஸ்பத்திரியும் நம் திண்டிவனத்தில் தொடங்கிய கதைதான். 1890 வாக்கில் அங்கே ஒரே ராத்திரியில் மூன்று பிரசவப் பெண்கள் ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்பதாலேயே இறந்ததைப் பார்த்த ஐடா ஸ்கடர், டாக்டருக்குப் படித்து வந்து 1900-இல் வேலூரில் தொடங்கினார்.

ஈவ்லின் அம்மாவை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனாலும் இந்தக் கதையை எனக்குச் சொன்னவர்கள் எல்லாரும் பிராண்ட் குடும்பத்தோடு தொடங்கி அதோடு முடித்தார்கள். டோலி தூக்கியவர் யார், முதலில் ஞானஸ்நானம் எடுத்த மலையாளி குடும்பம் எது, ஈவ்லினோடு குதிரைக்குப் பக்கத்தில் நடந்து போன பெண்கள் யார்? இந்தக் கேள்விகளைத்தான் நீ கண்டாச்சிபுரத்தில் கேட்க வேண்டும், பதில் சொல்லக்கூடியவர்கள் உயிரோடு இருக்கும்போதே.

இப்போது மிகவும் கவனமாக நடக்க வேண்டிய இடத்துக்கு வருகிறேன். பதிவேட்டில் இருக்கும் பெயரை அப்படியே அச்சில் போடாதே. 1950-ஆம் வருஷத்துக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி முதலில் இந்துக்களுக்கு மட்டும் இருந்தது. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. பழங்குடியினருக்கு இந்த மதக் கட்டுப்பாடு கிடையாது, கொல்லிமலையில் சபைக்குப் போகிற மலையாளி அதனால் தகுதியை இழப்பதில்லை. நம் காலனித் தெருவில் ஞானஸ்நானம் எடுத்தவர் இழக்கிறார், தமிழ்நாட்டில் பிற்பட்ட வகுப்புச் சான்றிதழ்தான் கிடைக்கும். அதே தெரு, அதே கூலி, அதே தேநீர்க்கடைப் பார்வை, சான்றிதழ் மட்டும் வேறு. இது அநியாயம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஆனால் சட்டம் இப்போது அப்படித்தான் இருக்கிறது. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வேலை வழக்கில் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னபோது, குழந்தையில் அவர் பெற்ற ஞானஸ்நானமும் சான்றுகளில் ஒன்றாகப் பேசப்பட்டது. நீ ஆசையாக அச்சடிக்கிற ஒரு பெயர் ஒரு பிள்ளையின் படிப்பையோ வேலையையோ தொடும். அதனால் ஒவ்வொரு வீட்டிலும் போய், போடலாமா என்று கேள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்காதே, ‘ஒரு தாய்’ என்றே எழுது. சாட்சியைச் சொல்லப் பெயர் கட்டாயம் இல்லை.

ஆதாரம் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தாய். பதிவேடும் மினிட்ஸ் புத்தகமும் முதலில். அடுத்தது காணிக்கைக் கணக்கு. பிடியரிசி எடுத்துக் கொடுத்த பெண்களின் பெயர் இருந்தால் அதுதான் உங்கள் சபையின் முதல் நன்கொடையாளர் பட்டியல். சுவரில் கல்வெட்டு வைத்தவர்கள் அப்புறம் வந்தவர்கள். மனைக்குக் கிரயப் பத்திரம் இருக்கும், தாய்ப்பத்திரத்தையும் கேட்டு வாங்கிப் பார், இல்லாவிட்டால் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டால் யாரிடமிருந்து யார் வாங்கினார்கள் என்று தெரியும். கூரைக் கொட்டகையில் கூடிய காலத்தில் இடம் கொடுத்தவர் சபைக்காரராகவே இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் அவர் வீட்டுக்கும் போய் நன்றி சொல்லிவிட்டு எழுது. மிஷன் காலத்துப் பழைய அறிக்கைகள் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரி ஆவணக் காப்பகத்திலும் சென்னை குருகுலம் நூலகத்திலும் இருக்கின்றன, கல்லூரியில் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். இப்போது அவசரம் பாட்டிகள்தான். மூப்பர்களிடம் தேதி கிடைக்கும், பாட்டிகளிடம் சண்டை கிடைக்கும். சபை பிரிந்த கதை, போதகரோடு மனஸ்தாபப்பட்டு பெந்தெகொஸ்தேக்குப் போன குடும்பம், திரும்பிவந்து பந்தியில் உட்கார்ந்த மகன், இதெல்லாம் அவர்கள் சொன்னால்தான் உண்டு. பிரிந்து போனவர்களின் வீட்டுக்கும் போ. அவர்களும் உங்கள் தண்ணீரில் இறங்கியவர்கள்தான்.

ஐப்பசி மழைக்கு முன்னால் பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து, போதகர் ஐயாவிடம் ஒரு பிரதியும் மூப்பர் ஒருவரிடம் ஒரு பிரதியும் கொடுத்துவிடு. வேறு யாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதே. எழுதியதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன், யாரைப் பற்றி எழுதினாயோ அவர்களுக்கே வாசித்துக் காட்டு. படிக்கத் தெரியாதவர்களுக்கு முதலில்.

உன் அப்பாவிடமும் அம்மாவிடமும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் அத்தை